நீர்த்த தொட்டி

எங்கள் மூட்டைப் பிரிவில் முதல் விதி, தரையில் தண்ணீர் சிந்தக் கூடாது என்பதுதான். கோந்துப் பொடி கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் படிந்திருக்கும். அதன்மேல் ஒரு குவளைத் தண்ணீர் விழுந்தால் போதும், அந்த இடம் விலாங்கு மீனின் முதுகாகிவிடும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் ஒரு தடவையாவது மல்லாந்து விழுந்துதான் வேலை கற்றுக்கொள்வார்கள். நானும் விழுந்தவள்தான். இருபத்தாறு வருஷமாகப் பொடியை நிரப்பி, நிறுத்து, சாக்கின் வாயைத் தைத்து லாரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எல்லாருக்கும் நான் மூட்டையக்கா.

சாஸ் பாட்டிலைக் கவிழ்த்தால் சட்டென்று கொட்டாமல் யோசித்து யோசித்து இறங்குகிறதே, அது எங்கள் சரக்கின் வேலை. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும்கூட இருக்கிறது. இதைச் செய்வது நாங்கள் இல்லை, பாக்டீரியா. தளத்தில் அதற்குப் பெயர் பூச்சி. வீட்டளவு பெரிய தொட்டியில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி, பூச்சியை விட்டு, காற்றடித்துக் கலக்கிக்கொண்டே இருந்தால், அது சர்க்கரையைத் தின்று தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பை நெய்துகொள்ளும். அந்த வழவழப்புதான் கோந்து. அதில் ஸ்பிரிட்டை ஊற்றினால் ஈரப் பஞ்சுபோலத் திரண்டு வரும். பிழிந்து, காயவைத்து, அரைத்தால் என்னிடம் வந்துசேரும்.

இதில் ஒரு வம்பு உண்டு. பூச்சி நன்றாக வேலை செய்யச் செய்ய, தொட்டி கூழாகிக்கொண்டே போகும். கலக்கி மோட்டார் முனகும், அது இழுக்கிற ஆம்பியர் ஏறும். கூழுக்குள் காற்று இறங்காது. தான் நெய்த கம்பளிக்குள் தானே மூச்சு முட்டிச் சாகிற ஜந்து அது. அதனால் இன்னும் சர்க்கரை மிச்சமிருக்கும்போதே வேலையை நிறுத்தியாக வேண்டும். முதலாளிகள் மாறினார்கள், மேனேஜர்கள் மாறினார்கள், இந்த வம்பு மட்டும் மாறவில்லை.

என் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் இந்த வம்பின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி. அவள் லேபில் விதை வளர்ப்பவள். சின்னக் குடுவையில் பூச்சியைப் பெருக்கித் தொட்டிக்குக் கொடுப்பதற்குத்தான் விதை என்று பெயர். அதனால் அவள் விதையம்மா. அவர் இருபத்திரண்டு வருஷமாகத் தொட்டி ஓட்டுகிறவர், தொட்டிக்காரர். "ஒரே பூச்சிக்கு அந்தம்மா லேப் தாய் வீடு, இவன் தொட்டி மாமியார் வீடு" என்று கேலி செய்வார் கம்ப்ரசர் ஓட்டுகிற ஊதல். காற்றடிப்பது அவர் வேலை என்பதால் மட்டும் அந்தப் பட்டப்பெயர் வரவில்லை, வாயும் அப்படித்தான்.

கம்பெனி குடியிருப்பில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் நான் குனிவேன். அவர்களுக்குக் கல்யாணமான முதல் வருஷம் ஒரு தொட்டி கெட்டுப்போனது. உன் விதை சொத்தை என்று அவர் சொல்ல, உங்க தொட்டி ஊத்தை என்று அவள் சொல்ல, மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக என் வீட்டில் சாப்பிட்டுப் போனார்கள். நாலாம் நாள் சமாதானமாகி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். செருப்பு விடுகிற இடத்தோடு தொழிற்சாலைப் பேச்சு நின்றுவிட வேண்டும். பதினெட்டு வருஷமாக நின்றது. முள்ளை முள்ளால் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் முள் கிடக்கிற இடத்தையே சுற்றி நடக்கப் பழகிக்கொண்டார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் அப்போது நானும் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலு வருஷமாக லேபில் அவள் ஒரு புதுப் பூச்சியை உண்டாக்கிக்கொண்டிருந்தாள். பழைய பூச்சியின் மரபணுவில் ஓரிடத்தை வெட்டிவிட்டு, வேறொரு பாக்டீரியாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து அங்கே ஒட்டுவது. கேட்க ஒரு வரிதான். அதற்கு நாலு வருஷமும் அவள் தலைமுடியில் பாதியும் போனது. முதல் இரண்டு தடவை பெரிய தொட்டியில் விட்டபோது, ஒட்டிய துண்டைப் பூச்சி உதறிவிட்டது. உதறிய கையோடு கோந்து நெய்வதையும் விட்டுவிட்டு, சும்மா தின்று கொழுத்துப் பெருகியது. கூழாகும் என்று நாங்கள் காத்திருந்த தொட்டி முப்பது மணி நேரத்துக்குப் பிறகும் தண்ணீராகக் கிடந்தது. கெட்ட தொட்டியை வைத்துக்கொண்டிருந்தால் குழாய் வழியாக அடுத்த தொட்டிக்கும் பரவும். ஸ்டீம் வால்வைத் திறந்து அப்படியே வேகவைத்துச் சாக்கடைக்கு அனுப்பிவிடுவதுதான் வழக்கம். இரண்டு தடவையும் அந்த வால்வைத் திறந்தவர் அவள் புருஷன்.

மூன்றாவதாக ஒரு தொட்டி தருவதாக மேனேஜர் சொன்னார். அதுவும் போனால் மாசக் கடைசியில் லேபையே மூடிவிட்டு, விதையை வெளியில் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். கூடவே ஒரு கட்டளை: தளத்தில் யாரிடமும் புதுப் பூச்சியைப் பற்றி மூச்சு விடக் கூடாது. போன வருஷம் எங்கள் சமாசாரம் ஏதோ வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டதாம். அதனால் தொட்டிக்கு வந்தது ஒரே ஒரு சீட்டு. அவள் கையெழுத்தில் இரண்டு வரி. "கலக்கி மோட்டாரின் ஆம்பியர் ஏறாவிட்டாலும் பரவாயில்லை. லேபைக் கேட்காமல் ஸ்டீம் திறக்கக் கூடாது."

திங்கட்கிழமை விடிந்ததும் விதையை விட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்கு நானும் தொட்டிக்காரரும் ஒன்றாக நடந்து போனோம். மழை விடாமல் நசநசத்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கு உள்ளேயிருந்து அவள் வந்தாள். இருபத்துநாலு மணி நேரம் லேபிலேயே கிடந்தவளை மேனேஜர் தூங்கச் சொல்லி அனுப்பியிருந்தார். கண் இரண்டும் இடுங்கிப்போயிருந்தன.

"ரொட்டி மூடி வச்சிருக்கேன். முட்டை வேக வச்சது இருக்கு," என்றார் அவர்.

"ம்."

"சாப்பிட்டுட்டுத் தூங்கு."

"ம். நீங்க கொஞ்சம் பாத்துக்கோங்க."

எதைப் பார்த்துக்கொள்வது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போட்ட ஒப்பந்தம் தெருவரைக்கும் வந்து நின்றது.

மழை நாளில் எங்கள் பிரிவில் வேலை இரட்டிப்பு. காற்றில் இருக்கும் ஈரத்தையே பொடி குடித்துவிடும். கை வேர்த்தால் விரலிடுக்கில் கோழைபோலத் திரளும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையைச் சூடு காட்டி ஒட்டி மூடி, வெளிச்சாக்கைத் தைத்து, ஒவ்வொன்றையும் உடனுக்குடன் மேடைக்கு ஏற்ற வேண்டும். குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தவள், பதினோரு மணிக்குக் கூரை அதிர்வதைக் கேட்டேன். வெளியே எட்டிப் பார்த்தால், தொட்டித் தளத்தின் கூரைக் குழாயிலிருந்து வெள்ளை வெளேரென்று ஸ்டீம் போய்க்கொண்டிருந்தது. நேரங்கெட்ட நேரத்தில் அந்தக் குழாய் புகைந்தால் ஒரு தொட்டி செத்துவிட்டது என்று இங்கே குழந்தைக்கும் தெரியும்.

மதியம் கேண்டீனில் தொட்டிக்காரர் எதிரே உட்கார்ந்தேன். மனிதர் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது.

"அவளோட தொட்டியா தம்பி?"

"ஆமாக்கா."

"மறுபடியுமா?"

"விதை மேல தப்பு இல்லக்கா. காத்து நின்னு போச்சு. நாப்பது நிமிஷம். காத்து இல்லாம எந்தப் பூச்சி உயிரோட இருக்கும்? வேற வழியில்லாம ஸ்டீம் விட்டேன். லாக் புத்தகத்துல எழுதியாச்சு."

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, ஊதல் வந்து மேஜையில் கையை ஓங்கித் தட்டினார்.

"எவன்டா சொன்னது காத்து நின்னுச்சுன்னு? என் கம்ப்ரசர் இன்னிக்கு ஒரு நொடி நின்னிருந்தா என் காதை அறுத்து வச்சிடறேன்!"

"குழாய்ல எங்கயாவது அடைச்சிருக்கும்ண்ணே."

"எங்க அடைச்சுது? வா, காட்டு. மத்த மூணு தொட்டிக்கும் காத்து போகுது, இந்த மகாராணி தொட்டிக்கு மட்டும் போகலையா?"

"நான் உங்களைச் சொல்லல."

"என்னைச் சொல்லலைன்னா யாரைச் சொன்னே? இங்க காத்துன்னா நான்தானே! மேனேஜர் கூப்பிட்டு ரெண்டு வாரம் வேலைக்கு வராதேங்கிறார். விசாரணையாம். என் பொண்டாட்டிகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

தொட்டிக்காரர் ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தார். அதற்கப்புறம் அவர் மென்றதை நான் பார்க்கவில்லை.

ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வீட்டுக்கு வந்து, அவர்கள் கதவைத் தட்டினேன். யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும். தூக்கக் கலக்கத்தோடு வந்து திறந்தாள். நான் சொல்லச் சொல்ல அப்படியே செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"காத்தா? காத்தா நின்னுச்சு?"

"அப்படித்தான் எழுதியிருக்காராம்."

"என்னை ஏன் யாரும் எழுப்பல?"

"தெரியலம்மா."

"நாலு எட்டு வச்சா வீடு. ஒரு ஆளை அனுப்பிக் கதவைத் தட்டியிருக்கலாம்ல?"

முகம்கூடக் கழுவாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் போனாள். ஆறு மணிக்கு வந்தவள் என் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, மேனேஜர் சொன்னதைச் சொன்னாள். உன் மேல் குற்றம் இல்லைதான், ஆனால் உன் அதிர்ஷ்டத்துக்கு நான் தொட்டி கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. இந்த மாசத்தோடு லேப் மூடல். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். காலை எட்டு மணிக்கும் பத்தரைக்கும் தொட்டியிலிருந்து எடுத்த சாம்பிள் பாட்டில்கள் லேப் ஜன்னலில் இருக்கின்றன, அதையாவது நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று இரவு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் சுவரில் மூன்று தட்டு கேட்டது. "அக்கா, கொஞ்சம் வாங்க."

அவர்கள் சாப்பாட்டு மேஜையில் சூப் சட்டி ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது. நடுவில் இரண்டு பாட்டில், ஒரு காகிதச் சுருள். அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் சுவரோரம் ஒண்டிக்கொண்டேன்.

"இந்த வீட்டுல தொழிற்சாலைப் பேச்சு பேசக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. இன்னிக்கு நான் அதை மீறப் போறேன். அதுக்கு ஒரு சாட்சி வேணும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்," என்றாள். "இந்த பாட்டிலைக் கவுத்துங்க அக்கா."

கவிழ்த்தேன். உள்ளிருந்தது சளக்கென்று மூடிப்பக்கம் விழுந்தது. வெறும் தண்ணீர்தான்.

"இப்ப இதை."

இரண்டாவதைக் கவிழ்த்தேன். விழவில்லை. உதறினேன். அப்போதும் விழவில்லை. இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு கெட்டியை நான் பார்த்ததில்லை.

"இது எந்தச் சரக்கும்மா?"

"ரெண்டும் ஒண்ணுதான். நேத்து பத்தரைக்கு இவர் கையால எடுத்த சாம்பிள். ஒண்ணு அப்படியே இருக்கு. இன்னொண்ணுல துளி உப்புப் போட்டுச் சூடு காட்டினேன். அவ்வளவுதான்."

தொட்டிக்காரர் பாட்டிலை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"தண்ணியாத்தான் இருக்கணும்," என்றாள் அவள். "அப்படித்தான் நான் செஞ்சேன். தலையை விரிச்சுப் போட்டா முடி சிக்கும். இறுக்கிப் பின்னிட்டா சிக்காது. என் பூச்சி கோந்தைப் பின்னி முடிஞ்சு வெளிய விடும். தொட்டிக்குள்ள கெட்டியாகாது, காத்து தாராளமா இறங்கும், சர்க்கரை தீர்ற வரைக்கும் வேலை செய்யும். வெளிய எடுத்து உப்பும் சூடும் காட்டினா பின்னல் அவுந்து ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும். முதல் ரெண்டு தடவை எடுத்தது உப்புப் போட்டும் இறுகல, இதுதான் இறுகுச்சு."

"நீ சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அவர்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. ஆனா சீட்டுல எழுதினேன். ஆம்பியர் ஏறாட்டியும் பரவாயில்லைன்னு. என்னைக் கேக்காம திறக்காதீங்கன்னு."

"படிச்சேன்."

"படிச்சுட்டு?"

"ஊத்திக்கிச்சுன்னு உனக்கே தெரிஞ்சுபோச்சு, கடைசி வரைக்கும் ஓட விடுங்கன்னு கெஞ்சறேன்னு நினைச்சேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். "வேற எவன் ஷிப்ட்ல இருந்திருந்தாலும் சீட்டைப் படிச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். எனக்குப் புருஷனா இருந்ததாலதான் உங்களுக்கு அதுல கெஞ்சல் தெரிஞ்சுது." காகிதச் சுருளை விரித்தாள். தொட்டிக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்று ஒரு பேனா நாள் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சார்ட் தாள் அது. "தோத்த தொட்டியோட சார்ட்டை யார் எடுத்துப் பாக்கப்போறான்னு விட்டுட்டீங்க. குப்பைப் பெட்டியில இருந்து எடுத்தேன். காத்து எங்க நின்னுருக்கு, காட்டுங்க."

கோடு ஓர் இடத்திலும் இறங்கவில்லை.

"நிக்கல," என்றார் அவர். "நான்தான் எழுதினேன். மோட்டாரோட ஆம்பியர் முள்ளு அசையல. விரல்ல தொட்டுப் பாத்தேன், பச்சைத் தண்ணி. மூணாவது தடவையும் போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அறுபது மணி நேரம் ஓடி முடிஞ்சு தண்ணியா நின்னா, விதை தோல்வின்னு எழுதுவாங்க. உன் பேர் கெடும். லேப் போகும். காத்து நின்னு கெட்டுச்சுன்னா அது மிஷின் தப்பு. இன்னொரு தொட்டி தருவாங்கன்னு நினைச்சேன். ஊதல் மாட்டிக்குவார்னு யோசிக்கல. சத்தியமா யோசிக்கல."

எழுந்து போய்விடலாமா என்று எனக்கு இருந்தது. அடுத்தவர் வீட்டுக் காயத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கிறது பாவம். ஆனால் என்னைக் கூப்பிட்டவள் அவள்.

"பாசத்துலதான் செஞ்சீங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல," என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. தொட்டி தண்ணியா இருக்குன்னு பாத்தப்போ, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இவ வேற ஏதோ புதுசா செஞ்சிருப்பாளோன்னு தோணுச்சா?"

அவர் பாட்டிலை மேஜையில் வைத்தார். பொய் சொல்லியிருக்கலாம். யார் கண்டார்கள்?

"தோணல," என்றார்.

"அதான். நான் தோத்தா எப்படிக் காப்பாத்தறதுன்னு எல்லாம் யோசிச்சு வச்சிருந்தீங்க. ஜெயிப்பேன்னு மட்டும் உங்களுக்குத் தோணவே இல்ல."

அதைச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். சட்டியில் சூப் ஏடு படிந்து ஆறிக்கிடந்தது. எனக்கு அவர் மேல் கோபமா இரக்கமா என்று எனக்கே பிடிபடவில்லை. இரண்டும்தான்.

"சார்ட்டைக் காட்டினா உனக்குத் தொட்டி கிடைக்குமா?" என்று அவர் கேட்டார்.

"கிடைக்கும். முப்பது மணி நேரமும் பூச்சி நல்லா இருந்துச்சுன்னு அதுலதான் இருக்கு. பாட்டிலை மட்டும் கொண்டுபோனா, ரெண்டு பாட்டிலை வச்சு வித்தை காட்டறியான்னு மேனேஜர் கேப்பார்."

"ஊதலுக்கு?"

"நாளைக்கே வேலைக்கு வந்துடுவார்."

"எனக்கு?"

"போயிடும்னுதான் நினைக்கறேன். பொய் லாக் எழுதினவங்களை வச்சுக்க மாட்டாங்க. நாளைக்கு ஒம்பது மணிக்குக் கொண்டுபோறேன். உங்ககிட்ட கேக்கல. சொல்றேன்."

"நீ கொண்டுபோக வேண்டாம்."

நான் திடுக்கிட்டேன். அவள் திடுக்கிடவில்லை, என்ன சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதினது நான். நான் கொண்டுபோறேன். நீ பாட்டிலை மட்டும் எடுத்துக்கிட்டு வா."

சார்ட் தாளைச் சுருட்டி அவர் பக்கம் தள்ளினாள். நன்றி என்று சொல்லவில்லை, கையைப் பிடிக்கவில்லை. "சூப்பைச் சூடு பண்றேன். அக்கா, உங்களுக்கும் ஒரு தட்டு," என்றாள். மூன்று பேரும் உருளைக்கிழங்கு சூப்பில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றோம்.

மேனேஜர் அறையில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கு உள்ளே போனவர்கள் பதினொன்றேகாலுக்கு வெளியே வந்தார்கள். இருபத்திரண்டு வருஷ வேலையைப் பார்த்து ஆளை வேலையை விட்டு அனுப்பாமல் விட்டார்கள். ஆனால் தொட்டித் தளத்தில் இனிமேல் கால் வைக்கக் கூடாது. மூட்டைப் பிரிவு, என் கீழ். அவளுக்கு மூன்று வாரம் கழித்து ஒரு தொட்டி. இதற்கு மேல் ஒன்று கிடையாது என்று இந்தத் தடவை எழுத்தில் கொடுத்தார்கள்.

அவர் நேரே ஊதல் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். ஊதல் கதவைச் சாத்திவிட்டார். நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் கேண்டீனில் தானாக எதிரே வந்து உட்கார்ந்து, "ஏன்டா, கரண்டு போச்சுன்னு எழுதியிருந்தா யார் மேலயும் பழி வந்திருக்காதே. பொய் சொல்லக்கூடத் துப்பில்லாதவன்டா நீ," என்றார். கூட்டாளிகள் சமாதானமாவதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

எங்கள் பிரிவில் மனிதர் பச்சைப் பிள்ளையாக இருந்தார். இரண்டாம் நாளே வேர்வை சொட்டிய இடத்தில் வழுக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊசி நூலை இழுத்தால் சாக்கின் வாய் ஒரு பக்கம் சிரிக்கும், ஒரு பக்கம் அழும். பெண்கள் கேலி செய்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் கலக்கி மோட்டாரின் சத்தம் மாறினால் மட்டும் கை நின்றுவிடும். நான் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.

சொன்னபடி மூன்று வாரம் கழித்து விதையை விட்டார்கள். மறுநாள் மதியம் மூன்று மணி இருக்கும். லேப் ஆட்கள் எங்கள் பக்கம் வருவதே இல்லை, மேல்கோட்டெல்லாம் பொடியாகும் என்று. அவள் வந்து வாசலில் நின்றாள். கையில் ஒரு சாம்பிள் பாட்டில்.

"அக்கா, இவர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசிக்கறேன்."

"பேசும்மா. நான் வெளிய இருக்கவா?"

"வேண்டாம். இருங்க."

அவர் ஊசியைச் சாக்கில் குத்திவைத்துவிட்டு எழுந்தார்.

"போன தடவை இந்த நேரத்துக்கு உப்புப் போட்டுச் சூடு காட்டினா கல்லு மாதிரி இறுகுச்சு. இந்தத் தடவை பாதிதான் இறுகுது," என்றாள். "துண்டை உதறிட்டு இருக்கோன்னு பயமா இருக்கு. இல்ல மெதுவா வேலை செய்யுதோ, அதுவும் தெரியல. உதறியிருந்தா மத்த தொட்டிக்கும் பரவும். மேனேஜர், முடிவு உன்னோடது, நாலு மணிக்குள்ள சொல்லு, கெட்டதுன்னா ஸ்டீம் விட்டுடலாம்ங்கறார்."

"சார்ட்?"

"கோடு நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல் ரெண்டு தடவையும் கோடு நல்லாத்தான் இருந்துச்சு." பாட்டிலை நீட்டினாள். "இருபத்திரண்டு வருஷம் தொட்டி பாத்திருக்கீங்க. தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. கெட்டதா, நல்லதா?"

அவர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். மூடியைத் திறக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக்கூட இல்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியாது."

அந்த மனிதர் வாயிலிருந்து தொட்டியைப் பற்றி அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. அவளும் கேட்டிருக்க மாட்டாள்.

"நெசமாத்தான் சொல்றேன். இந்தப் பூச்சியை எனக்குத் தெரியாது. தெரியும்னு நினைச்சுத்தான் போன தடவை கொன்னேன்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"திறக்காதே."

"தெரியாதுங்கறீங்க. திறக்காதேன்னும் சொல்றீங்க."

"ஆமா. மத்த தொட்டிக்குப் போற குழாய் வால்வெல்லாம் இறுக்கி மூடச் சொல்லு. இதை ஓட விடு. கெட்டா கெடட்டும். முழுசா ஓடிக் கெடட்டும். நீ பக்கத்துல நின்னு பாரு."

அவள் பாட்டிலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்து போனாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார். ஒரு காலிச் சாக்கின் வாயை முழுக்கத் தைத்து முடித்த பிறகுதான் அதில் ஒன்றும் இல்லை என்பதைக் கவனித்தார். நான் சிரிக்கவில்லை. நாலு மணி ஆனது. நாலரை ஆனது. கூரைக் குழாய் புகையவில்லை.

பூச்சி எதையும் உதறவில்லை. சர்க்கரையில் ஏதோ குறைவாம், அதனால் தாமதமாம். அப்படித்தான் அவள் பின்னால் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஸ்பிரிட் ஊற்றியபோது பஞ்சு திரண்டு பாத்திரத்தின் விளிம்புக்கு மேலே வந்துவிட்டது என்று பிழிகிற ஆட்கள் ஓடிவந்து சொன்னார்கள். மேனேஜர் அவள் கையைக் குலுக்கினார் என்றார்கள். லேப் மூடவில்லை. அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு பேரைப் போட்டார்கள்.

சரக்கு அரைத்து எங்களிடம் வந்தது சனிக்கிழமை. பழைய பூச்சிக்கு ஒரு தொட்டிக்கு இருபது மூட்டை வரும். இது வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றின் வாயையும் தானே தைப்பேன் என்று தொட்டிக்காரர் வேறு யாரையும் ஊசியைத் தொடவிடவில்லை. சாப்பிடவும் போகவில்லை. மதியம் கடந்து கடைசி மூட்டையைத் தைத்து நூலை அறுத்தார். எழுந்து நின்று, மேடையில் அடுக்கியதை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"முப்பத்தொண்ணுக்கா."

"ஆமா தம்பி. நானும் எண்ணினேன்."

"அன்னிக்கு நான் சாக்கடையில விட்டதும் முப்பத்தொண்ணுதான்."

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முதல் மூட்டையைத் தூக்கினோம்.